புளிசாதத்துக்குக் காவல்

இனிமேல் வெளிச் சாப்பாட்டைத் தொடுவதில்லை என்று ஒரு நாள் சாயங்காலம் முடிவெடுத்தேன். ஹோட்டல் எண்ணெயின் நிறம், மசாலாவில் கலக்கும் சாயம், மனிதக் குடலின் நீளம் எல்லாவற்றையும் சேர்த்து என் மனைவி திலகவதிக்கு விளக்கமாகச் சொன்னேன். அப்போது என் கையில் ஸ்டேஷன் ரோட்டில் வாங்கிய போண்டா இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, போண்டாவைப் பார்த்தாள். இதுதான் கடைசிப் போண்டா என்று அறிவித்துவிட்டு அதைச் சாப்பிட்டு முடித்தேன்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. எனக்கு வெளிச் சாப்பாட்டின் மேல் ஒரு கோபமும் கிடையாது. எனக்குப் பயம் ராட்டினத்தின் மேல்.

என் பெயர் பூவராகவன். பூமியையே தூக்கிக்கொண்டு மேலே வந்த சாமியின் பெயர். எனக்கோ பூமியை விட்டு ஒரு முழம் மேலே போனால் முழங்கால் ஆடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஸ்பிரிங் செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். மேல் ரேக்கில் இருக்கும் சாமானை யாராவது கேட்டால் ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிடுவேன். ஏணி ஏறுவதைவிட அது சுலபம்.

அந்தக் கம்பெனியில் வருடத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு டூர் கூட்டிக்கொண்டு போவார்கள். போன வருடம் கோயில், அதற்கு முந்தின வருடமும் கோயில். நிம்மதியாக இருந்தது. இந்த வருடம் யாரோ யோசனை சொல்லி, சென்னையைத் தாண்டி இருக்கும் ஒரு தீம் பார்க் என்று ஆகிவிட்டது. அங்கே புதிதாக ஒரு ரோலர் கோஸ்டர் வந்திருக்கிறதாம். ஆளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, அப்புறம் ஞாபகம் வந்து நிமிர்த்துமாம்.

எங்கள் ஒரே பெண் தேவதர்ஷினி எட்டாவது படிக்கிறாள். அந்த ராட்டினத்தின் வீடியோவைப் போனில் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். "நைனா, நீயும் நானும் முதல் சீட்டு" என்று சொல்லிவிட்டாள். எனக்குச் சொந்த ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். அங்கே அப்பாவை நைனா என்போம். அந்த ஒரு வார்த்தையைத்தான் என் பக்கத்திலிருந்து அவள் எடுத்துக்கொண்டாள். மற்றதெல்லாம் அம்மா. திலகவதி பழவேற்காட்டுக்காரி, மீன்பிடிக்கும் குடும்பம். ஏரியில் காற்று எழும்பிப் படகு எகிறும்போது அதில் உட்கார்ந்து இறால் உரித்தவள். அவளுக்கு ராட்டினம் என்பது ஷேர் ஆட்டோ மாதிரி.

பயமாக இருக்கிறது என்று பெண்ணிடம் சொல்லிவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அப்பா பெரிய ஆள் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிற கடைசி வருடம் இது. அடுத்த வருடம் ஒன்பதாவது போய்விடுவாள். எப்படியும் தெரிந்துகொள்வாள். அதுவரைக்குமாவது இருக்கட்டுமே.

வழி காட்டியவன் மதன். எங்கள் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன், எங்களுக்குப் பக்கத்து வீடு. அந்தப் பார்க்குக்கு ஏற்கெனவே போய் வந்தவன். டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னான்.

"வீட்டுச் சாப்பாட உள்ள எடுத்துக்கினு போவ வுட மாட்டான் சார். கேட்டாண்ட ஒரு ஷெட்டு இருக்கு, அங்க வெச்சிக்கலாம். ஆனா கொரங்கு பேஜாரு. யாருனா ஒருத்தரு கூடவே உக்காந்துக்கினு இருக்கணும்."

மதனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. சாப்பாட்டோடு போனால் ஒரு ஆள் கீழே இருந்தாக வேண்டும். எனக்கு வேண்டியது அந்த ஒரு ஆள் வேலைதான். சாப்பாட்டை ஏன் தூக்கிக்கொண்டு வர வேண்டும், கம்பெனியே எல்லோருக்கும் உள்ளே மதியச் சாப்பாடு போடுகிறதே என்று மதன் கேட்டான். அந்தச் சமாசாரம் என் வீட்டுக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றான். நல்ல பையன்.

அன்று சாயங்காலம்தான் போண்டாவும் பிரசங்கமும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் திலகவதி வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள்.

"சரி, கட்டிக்கினு போலாம். யாரு சமைக்கறது?"

"நான்."

"யாரு தூக்கறது?"

"நான்."

"யாரு காவலு?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன்.

"நாந்தான். நீயும் பாப்பாவும் நல்லா சுத்திட்டு வாங்க. உங்க சந்தோஷம் போதும் எனக்கு."

அவள் என்னையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. இப்படி ஒரு புருஷன் கிடைத்த நெகிழ்ச்சி என்று நினைத்தேன். வெங்காயம் நறுக்குகிறாள் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

டூர் அன்றைக்கு விடியும் முன்பே அடுப்பைப் பற்ற வைத்தேன். அந்த ராட்டினத்தை நினைக்கும்போதெல்லாம் வயிற்றில் புளியைக் கரைத்தது. வயிற்றில் கரைந்தது போக மிச்சத்தைச் சட்டியில் கரைத்தேன். புளிசாதம் மட்டும் போதாது, பை சின்னதாக இருந்தால் உள்ளே ஒளித்து எடுத்துப் போகலாமே என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். அதனால் தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அவித்த முட்டை, அவித்த வேர்க்கடலை, ஒரு தூக்கு நிறைய காரப்பொரி. சாப்பாட்டைக் கட்டக் கட்ட என் காவல் உத்தியோகம் நிரந்தரமாகிக்கொண்டே வந்தது. நான் கட்டியது பாதி கட்டுச்சோறு, பாதி கட்டுக்கதை.

திலகவதி சமையலறை வாசலில் நாற்காலி போட்டு, நான் போட்டுக்கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டு, வேடிக்கை பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு சாந்தியை நான் பார்த்ததில்லை.

"மூணு பேருக்கா இவ்ளோ?" என்று கேட்டாள்.

"வெயில்ல சுத்தினா பசிக்கும்ல."

"நெழல்ல உக்காந்தா?"

எனக்கு வறுவல் தீய்கிற மாதிரி இருந்தது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். போன வருடம் திருவள்ளூர் பொருட்காட்சியில் ராட்டினம் உச்சிக்குப் போனதும் கண்ணை மூடிக்கொண்டீர்களே, தூசி விழுந்துவிட்டது என்று சொன்னீர்களே, அது சரியாகிவிட்டதா என்று முதுகுக்குப் பின்னால் விசாரித்தாள். அன்றைக்கே சரியாகிவிட்டது என்றேன். நல்லது என்றாள்.

பஸ்ஸில் நான் பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டேன். தேவதர்ஷினி என் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வளைவில் எப்படிக் கையைத் தூக்க வேண்டும் என்று காரனோடைப் பாலம் தாண்டும் வரைக்கும் சொல்லிக்கொடுத்தாள். சாப்பாட்டுக்கு யாராவது காவல் இருக்க வேண்டுமே கண்ணு என்று மெதுவாக ஆரம்பித்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மடியில் இருந்த பை திடீரென்று ரொம்பக் கனத்தது. முன் சீட்டில் திலகவதியும் மதனின் மனைவி கிறிஸ்டினாவும் தலையோடு தலை சேர்த்துப் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். பெண்களுக்குச் சிரிக்க எப்போதும் ஏதாவது கிடைத்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஷெட் நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. மேலே தகரம், அதற்கு மேலே பெரிய புங்க மரம், கீழே சிமென்ட் பெஞ்ச். குரங்குகளும் சொன்னபடி ஆஜராகியிருந்தன. நான் தயாராகத்தான் வந்திருந்தேன். விரிப்பை விரித்தேன். காற்றுத் தலையணையை ஊதினேன். செய்தித்தாள், இயர்போன், குரங்கு விரட்ட ஒரு குச்சி. குச்சியைக் கையில் பிடித்தபடி, போய்ட்டு வாங்க என்று கம்பீரமாகச் சொன்னேன்.

திலகவதி குச்சியை என் கையிலிருந்து வாங்கினாள். விரிப்பில் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள்.

"நீங்க போய்ட்டு வாங்க" என்றாள்.

குச்சியைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். "இன்னா திலகா இது. நாந்தான் காவல்னு பேச்சு."

"விடியறதுக்கு முன்னாடி எழுந்து சமைச்சதும் நீங்க, தூக்கினு வந்ததும் நீங்க. காவலும் நீங்களே இருந்தா பாக்கறவங்க என்னைப் பத்தி இன்னா நெனைப்பாங்க?"

யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள் என்று சொல்ல வந்தேன். அதற்குள் கிறிஸ்டினா, நாங்கள் எல்லாம் நினைப்போம் அண்ணா என்று சொல்லிவிட்டு அவளும் விரிப்பில் உட்கார்ந்துவிட்டாள். உனக்கு ராட்டினம் என்றால் உயிர் ஆயிற்றே என்று திலகவதியிடம் மன்றாடினேன். முட்டி வலி என்றாள். நேற்று இல்லையே என்றேன். பஸ்ஸில் வந்தது என்றாள். அப்படியென்றால் உன்னை வலியோடு விட்டுவிட்டு எப்படிப் போவேன் என்று கேட்டேன். அந்தக் கேள்வி எனக்கே பிடித்திருந்தது. ஆனால் அதற்குள் தேவதர்ஷினி என் கையைப் பிடித்துவிட்டாள். பஸ்ஸில் சுருங்கியிருந்த முகம் இப்போது தட்டில் வைத்த பூரி மாதிரி உப்பியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை.

ராட்டினத்தின் வாசலில் ஒரு போர்டு வைத்திருந்தார்கள். இதய நோயாளிகள், முதுகு வலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஏறக்கூடாது. நான் ஒவ்வொரு வரியாக ஆசையோடு படித்தேன். கடைசி வரியில் கொஞ்ச நேரம் நின்றேன். பக்கத்தில் உயரம் அளக்க ஒரு கோடு இருந்தது, அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு அனுமதி இல்லை. என்னைக் குள்ளமாகப் பெற்றிருக்கக் கூடாதா என்று முதல் தடவையாக என் பெற்றோர் மேல் வருத்தம் வந்தது.

இரண்டு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு முதல் சீட்டில் உட்கார வைத்துக் கம்பியை மாட்டினார்கள். வண்டி டக் டக் என்று மேலே ஏறியது. கும்மிடிப்பூண்டி தெரிந்துவிடுமோ என்கிற உயரம் வந்ததும் தேவதர்ஷினி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"எனக்கு பயமா இருக்கு நைனா. என் கைய வுட்டுடாத."

குழந்தை பயந்துவிட்டது. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. "நைனா இருக்கேன்ல, இதெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்று சொன்னேன். அதில் பாதியைத்தான் சொல்லியிருப்பேன். மீதி வாயில் இருக்கும்போதே வண்டி விழுந்தது.

அப்புறம் நடந்ததை எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியாது. வானம் காலுக்குக் கீழே போனது. மரங்கள் தலைக்கு மேலே வந்தன. என் வயிறு இரண்டு வளைவுக்கு முன்னாலேயே எங்கோ இறங்கிக்கொண்டது. காற்றின் இரைச்சலில் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே கேட்கவில்லை. தேவதர்ஷினி மட்டும் என் கையை விடவேயில்லை. ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்தேன். பயந்த பிள்ளை மாதிரித் தெரியவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் கையை விடவில்லை.

ஷெட்டுக்குத் திரும்பும்போது என் கால்கள் இரண்டும் வேறு வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தன. முகத்தை மட்டும் சரி செய்துகொண்டேன். பசி வேறு. புளிசாதத்தை நினைத்துக்கொண்டே போனேன்.

திலகவதி என் விரிப்பில் படுத்திருந்தாள். தலைக்கு என் காற்றுத் தலையணை. டப்பாக்கள் எல்லாம் பெஞ்சில் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன, தண்ணீர் சொட்டிக்கொண்டு.

"சாப்பாடு எங்க?" என்றேன்.

"கொரங்கு தூக்கினு போயிடுச்சு."

"டப்பாவ கழுவிக் கவுத்து வெச்சிட்டா?"

"சுத்தமான கொரங்கு."

பக்கத்தில் கிறிஸ்டினா ஒரு ஏப்பம் விட்டாள்.

அப்புறம் திலகவதியே எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர்கள் இருவரும் சாப்பிட்டது போக, பஸ் டிரைவருக்கும், பார்க்கில் கூட்டிப் பெருக்கும் பெண்களுக்கும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். புளிசாதத்தை எல்லோரும் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்களாம். உப்பு மட்டும் ஒரு கல் தூக்கல். எனக்கும் பாப்பாவுக்கும் உள்ளே கம்பெனிச் சாப்பாடு இருப்பதால் எடுத்து வைக்கவில்லை. அது எப்படித் தெரியும் என்று கேட்டேன். மதன் உங்களிடம் பேசின அன்றைக்கே கிறிஸ்டினாவிடம் சொல்லிவிட்டான், கிறிஸ்டினா அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டாள் என்றாள். நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீங்க சமைச்சிருப்பீங்களா?" என்றாள்.

இதற்குப் பதில் இருப்பவர்கள் எனக்கு எழுதலாம்.

இருந்தாலும் ஒரு கடைசி முயற்சி செய்தேன். மத்தியானம் தண்ணீர்ச் சறுக்கு, அதைவிட உயரமான ஒரு கோபுரம் என்று தேவதர்ஷினி திட்டம் வைத்திருந்தாள். காலையில் நான் போய் வந்துவிட்டேன், இனி நீ போ, காலி டப்பாவுக்கும் காவல் வேண்டும் என்று பெருந்தன்மையோடு சொன்னேன். பாப்பாதான் ரொம்பப் பயந்துவிட்டாள், நான்தான் கையைப் பிடித்துத் தைரியம் சொன்னேன் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"ஆமாம்மா, நைனா மட்டும் இல்லனா அவ்ளோதான்" என்றாள் தேவதர்ஷினி. அம்மாவும் பெண்ணும் ஒரு தடவை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திலகவதி தலையணையைத் திருப்பிப் போட்டு மறுபடி படுத்துக்கொண்டாள்.

"அப்போ மத்தியானமும் நீங்களே கூட்டிக்கினு போங்க, பாப்பாக்கு தைரியமா இருக்கும். ஆனா கொஞ்சம் மெதுவா கத்துங்க. காலைல நீங்க 'ஐயோ திலகா'ன்னு கத்துனது இங்க வரைக்கும் கேட்டுச்சு. கண்ணு அசரவே முடியல."