நான் திறந்துவிட்ட ஏரி

பாடம் நடத்துகிறவனுக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டும் என்று எங்கும் சட்டமில்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருக்க முடியாது.

அப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் தற்காலிக நூலகராக இருந்தேன். "இணையத்துல சரியான தகவலைத் தேடறது எப்படின்னு ஆன்லைன்ல ஒரு வகுப்பு நடத்துங்க. நல்லா வந்தா வேலை நிரந்தரம்," என்றார் முதல்வர். போதாதா? கல்யாணச் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டிலேயே கேமரா முன்னால் உட்கார்ந்துவிட்டேன். (கீழே லுங்கிதான்.)

மாணவர்களில் பலர் ஒரகடம் கம்பெனி ஒன்றில் பயிற்சிக்குப் போகிறவர்கள். குன்றத்தூரிலிருந்து போகும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போனில் பார்த்தார்கள். முதல்வரும் பார்த்துக்கொண்டிருந்தார். "கண்டதை நம்பாதீங்க! யார் எழுதினது, எப்ப எழுதினது, ரெண்டையும் பாருங்க!" என்று அரை மணி நேரம் முழங்கினேன். பிறகு, "ஏதாவது கேளுங்க, தேடிக் காட்டறேன்," என்றேன்.

"சார், மழை பேஞ்சிகினே கீது. செம்பரம்பாக்கம் ஏரிய தொறந்துட்டாங்களா பாருங்க சார், தொறந்தா எங்க வூட்டாண்டதான் தண்ணி வரும்," என்றாள் திவ்யா, பஸ்ஸிலிருந்து.

தேடினேன். முதலில் வந்ததைக் கம்பீரமாகப் படித்தேன்: ஏரி திறப்பு, கரையோர மக்கள் வெளியேற வேண்டும்.

"பாத்தீங்களா, நாலே விநாடி!"

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். "டிரைவர் அண்ணா, பஸ்ஸ திருப்புங்க! வூட்ல அம்மா தனியா கீறாங்க!" பஸ் திரும்பியேவிட்டது. (அடப்பாவிகளா! அரை மணி நேரம் சொன்னதைக் காதிலேயே வாங்காதவர்கள், இதை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.)

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க இது, எப்பவோ வந்த வெள்ளத்து நியூஸாச்சே! மேல தேதி போட்டுக்கீதே, கண்ணு தெரியலயா?" மைக் ஆனில் இருந்தது. முதல்வர் வரைக்கும் தெளிவாகக் கேட்டிருக்கிறது.

நான் பஸ்ஸில் இருந்தவர்களுக்குப் போன் மேல் போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை, எல்லோரும் வகுப்பை மூடிவிட்டு, போனை எடுக்காத அம்மாக்களை அழைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் வீடு போய்ச் சேர்ந்தபோது அம்மாக்கள் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கம்பெனியில் ஒரு ஷிப்டுக்கே ஆளில்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் ஆப்சென்ட். அவமானமாகத்தான் இருந்தது. மறுநாள் கம்பெனி வாசலில் நின்று கெஞ்சிக் கூத்தாடி அதை ரத்து செய்யவைத்தேன்.

வேலை போய்விட்டது என்றே முதல்வர் அறைக்குள் நுழைந்தேன். "இதவிட நல்ல பாடம் கிடைக்காதுய்யா," என்றார் அவர். நிரந்தரமாக்கினார், ஒரு நிபந்தனையோடு: ஒவ்வொரு ஆண்டும் புது மாணவர்களுக்கு அந்த வகுப்பின் வீடியோ பதிவைப் போட்டுக் காட்டி, பக்கத்திலேயே நான் நிற்க வேண்டும். நின்றுகொண்டிருக்கிறேன்.

அது கூடப் பரவாயில்லை. வீட்டில்தான் தாங்கவில்லை. "மழை வருது, துணியை எடுங்க," என்று நான் கத்தினால் மனைவியும் மகளும் அசைவதே இல்லை.

"எந்த வருஷத்து மழை?" என்கிறார்கள்.