‘கறள்’ வெளியீட்டு விழாவும் என் வரவேற்புரையும்

ஈஸ்ட் ஹாம்,
லண்டன்.

பாசமிகு பெரியண்ணை அருள்நேசன் அவர்களுக்கு,

தேவ கிருபையால் நானும் மனைவி பியற்றிசும் இங்கு சுகம். என் மானத்துக்குத்தான் கொஞ்சம் சுகமில்லை. ரொறன்ரோவில் நீங்களும் அண்ணியும் முழங்கால் வலி நீங்கி நலமாயிருக்க மன்றாடுகிறேன். மகள் ஜெனோஜாவின் ஆல்பம் வெளியீடு எப்படி நடந்தது என்று நீங்கள் கேட்டபோது, லைன் சரியில்லை என்று போனை வைத்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஜெனோஜா கிற்றார் வாசித்துப் பாடுகிற குழுவுக்குப் பெயர் ‘கறள்’. இரும்பில் பிடிக்குமே, அதுதான். நான்கு பிள்ளைகள் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கராஜுக்குள் மூன்று வருடம் இடித்து முழக்கி முதலாவது ஆல்பத்தை முடித்தார்கள். “ஞாயிறு ரெண்டு மணிக்கு ஹோல். நீங்களும் அம்மாவும் வந்து பின்னால நிண்டாக் காணும் அப்பா” என்றாள். வெளியீடு என்ற சொல் காதில் விழுந்தபின் நான் பின்னால் நிற்கிற ஆளா? “ஒரு அஞ்சு நிமிஷம் பேசட்டோ?” என்று கேட்டேன். லண்டனில் பிறந்த பிள்ளை, நம்முடைய சபைகளில் ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியாமல் “ஓகே” என்றுவிட்டாள். நான் உடனே போய் நிகழ்ச்சி நிரல் அச்சடித்தேன்.

நமது வழக்கப்படி ரெண்டு மணி விழா மூன்று மணிக்குத் தொடங்கியது. விளக்கேற்றினோம். கறுப்புச் சட்டையும் மூக்கு வளையமுமாக வந்த நூறு இளசுகள் ஒரு நிமிட மௌனத்தில் நம்மவர்களைவிட ஒழுங்காக நின்றார்கள். பிறகு நான் நாற்பது நிமிடம் தமிழில் வரவேற்றேன், அதை ஆங்கிலத்திலும் சுருக்கிச் சொன்னேன், சுருக்கமும் நீண்டுவிட்டது. ஆய்வுரைக்கு வந்த சண்முகராசா மாஸ்டர் புத்தகங்களை வாசிக்காமலே ஆய்வுசெய்து பழகியவர், ஆகவே ஆல்பத்தின் அட்டைப்படத்தைப் பற்றி அரை மணி பேசினார். டிரம்ஸ் அடிக்கும் பையன் மேற்சட்டை இல்லாமல் இருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் நான் அவனுக்குப் பொன்னாடை போர்த்த, அடிக்கத் தொடங்கியதும் அது தடியில் சுற்றிக்கொண்டது. ஐந்து மணிக்கு ஹோலை ஒரு பிறந்தநாள் பார்ட்டிக்கு விடவேண்டும். பிள்ளைகளுக்கு மிஞ்சியது இரண்டு பாட்டு. அந்த நேரமும் நான் வாசலில் நின்று வந்தவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. ஒரு பெண்பிள்ளை வந்து, உங்களுக்குப் பிடித்த பாட்டு எது அங்கிள் என்று ஆங்கிலத்தில் கேட்டது. நான் நிகழ்ச்சி நிரலைப் புரட்டிப் பாட்டின் பெயர் தேடினேன். பக்கத்தில் வயர் சுற்றிக்கொண்டு நின்ற ஜெனோஜா நிமிர்ந்தாள். “அப்பா, ஒண்டு எண்டாலும் கேட்டனீங்களோ?” என்றாள். கேட்கவில்லை அண்ணை. நாற்பது நிமிடம் பேசினவன் நாலு நிமிடம் கேட்கவில்லை. வெட்கத்தில் அந்த இடத்திலேயே செத்துப்போனேன். மூன்று கிழமையாக அவள் என்னோடு கதைப்பதில்லை. “அம்மா, சாப்பாடு மேசையில இருக்கெண்டு அப்பாட்டச் சொல்லுங்கோ” என்று எனக்கு முன்னாலேயே சொல்கிறாள்.

அன்று ஹோல் மேசையில் அட்டை இல்லாமல் கிடந்த சிடியை எடுத்துவந்து, வேலைக்குப் போகும்போதெல்லாம் காரில் கேட்கிறேன். முதல் நாள், சைலன்சர் கழன்றுவிட்டதென்று காரை நிறுத்திக் குனிந்து பார்த்தேன். இரண்டாம் கிழமை தலை தானாக ஆடத் தொடங்கியது. பதினொரு பாட்டுக்குள்ளும் ஆறாவதுதான் திறம். அதில் ‘ஃபாதர்’ என்று நாலு தரம் அலறுகிறாள். ஆம்பிளைக் குரல்போல இருக்கிறது, கோபத்தில் தொண்டை கட்டியிருக்கும். எனக்காகத்தான் எழுதியிருக்கிறாள் என்று குட்மேய்ஸ் சிக்னலில் பச்சை விழுந்ததும் தெரியாமல் அழுதேன். இன்று அவளிடம் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப்போகிறேன். இனி எந்த மேடையும் ஏறமாட்டேன், சத்தியம்.

அண்ணிக்கு என் அன்பு. மாதா உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
மைக்கைத் துறந்த தம்பி,
சூசைதாசன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் போய்ச் சொன்னேன். ஆறாவது பாட்டுக்கு அழுததையும் சொன்னேன். “அப்பா, எங்கட ஆல்பத்தில எட்டுப் பாட்டுத்தான். ஆறாவதில ஒருத்தரும் பாடவேயில்லை, கிற்றார் மட்டும்தான்” என்றாள். நான் கேட்டது விழாவுக்கு முந்தின நாள் அதே ஹோலில் வாசித்த வேறு யாரோ பெடியளின் சிடியாம். பிறகு சிரிக்கத் தொடங்கி, நிற்க ஏலாமல் படியிலேயே இருந்துவிட்டாள். ஆகவே மேலே உள்ளதில் மன்னிப்பைத் தவிர மற்றதையெல்லாம் வெட்டிவிடுங்கள். இப்போது சரியான சிடியோடு காருக்குள் இருந்து கூப்பிடுகிறாள். எட்டுப் பாட்டும் முடியும்வரை நான் வாய் திறக்கக் கூடாதாம். முப்பத்தைந்து நிமிடம் அண்ணை, எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.