சம்பந்தி நெற்றியில் ஒரு கோடு

பேச வராத ஆட்களுக்காகத்தான் யாரோ ஒரு புண்ணியவான் கேரம் போர்டைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். முன்பின் தெரியாத மனிதருக்கு எதிரே, முட்டி இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் ஒரு பொழுதைக் கழித்துவிடலாம். பேச வேண்டியதையெல்லாம் காய்கள் பேசிக்கொள்ளும்.

நான் அந்த ரகம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியபோதுகூட வாத்தியாரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அப்படியே போகாமல் இருந்துவிட்டவன். (கொஞ்ச நாள் அவர் என் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்திருப்பார், பாவம்.) கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் கம்பெனியில் வேலை. அங்கே சாப்பாட்டு ஷெட்டில் ஒரு கேரம் போர்டு உண்டு. செஸ் ஆட இரண்டு பேர்தான் வேண்டும், மற்றவர்கள் கொட்டாவி விடலாம். தாயக்கட்டையை இரண்டே பேர் ஆடினால் தூக்கம் வந்துவிடும், அதற்குக் கூட்டம் வேண்டும். கேரம் ஒன்றுதான் இரண்டு பேருக்கும் பொருந்தும், நாலு பேருக்கும் பொருந்தும், சுற்றி நின்று கத்துகிற ஒரு ஷிப்டு ஆட்களுக்கும் பொருந்தும். தமிழே தெரியாத வடக்கத்திப் பையன்கள் எங்களோடு சேர்ந்து ஆடி, எங்களோடு சேர்ந்து சண்டையும் போடுவார்கள். ஒரு சதுரப் பலகை, நாலு குழி, கொஞ்சம் பவுடர். இதை வைத்துக்கொண்டு இத்தனை பேரைக் கட்டிப்போட முடிகிறதே என்று எனக்கு இன்றைக்கும் மலைப்புதான்.

ஆனால் எனக்கு மட்டும் அதில் ஓர் ஆபத்து உண்டு. ஆட்டம் சூடு பிடித்தால் என் வாய்ப்பூட்டு கழன்றுவிடும். தவிர, எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம். ஜெயித்தவன் தோற்றவன் நெற்றியில் கேரம் பவுடரால் ஒரு கோடு இழுப்பான். டீ குடித்து முடிக்கும்வரை துடைக்கக் கூடாது. சூப்பர்வைசராக இருந்தாலும் இதே சட்டம்தான்.

என் மகள் பவித்ரா செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இருக்கிறாள். கூட வேலை பார்க்கும் தினேஷ் என்ற பையனை அவளுக்குப் பிடித்துப்போனது. சோழவரம் பக்கத்தில் சொந்த நிலத்தில் நெல் பயிரிடுகிற குடும்பம். பையனின் அம்மா சரி என்றுவிட்டார். அப்பா தணிகாசலம்தான் பிடி கொடுக்கவில்லை. வாடகை வீட்டில் இருக்கும் கம்பெனித் தொழிலாளியிடம் போய்ப் பெண் எடுப்பதா என்று யோசித்தார். கடைசியில், "ஒரு தபா போய் மனுசங்கள பாத்துட்டு வரேன். அப்பால நான் சொல்றதுதான்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டார்.

காலையிலேயே பவித்ரா என்னை எச்சரித்தாள். "அப்பா, நீ ஒண்ணியும் பேசாத. சிரிச்சிக்கினு உக்காந்திரு, அது போதும்."

"உங்கப்பனையா சொல்ற? பேசச் சொன்னாதான்டி பேஜாரு" என்றாள் என் மனைவி கஸ்தூரி.

தணிகாசலம், அவர் மனைவி லோகநாயகி, தினேஷ் மூன்று பேரும் வந்தார்கள். கேசரி ஆயிற்று, காபி ஆயிற்று. அப்புறம்தான் தெரிந்தது, தணிகாசலமும் என் ரகம்தான் என்று.

"மழையே இல்ல" என்றார்.

"இல்ல" என்றேன்.

"வெயிலு."

"ஆமா, வெயிலு."

அத்தோடு உலக விஷயம் எல்லாம் தீர்ந்துபோய், இரண்டு பேரும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் தினேஷின் கண்ணில் பீரோவுக்குப் பின்னால் சாத்தியிருந்த போர்டு பட்டது.

"மாமா, கேரம் ஆடுவீங்களா? எங்கப்பாவும் நல்லா ஆடுவாரு!"

சமையலறை வாசலில் நின்று கஸ்தூரி கரண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். நான் அதை, கேசரி இன்னும் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் மரியாதையாகத்தான் போனது. தணிகாசலம் நன்றாக ஆடினார். அதுதான் வம்பாகப் போயிற்று. மோசமாக ஆடியிருந்தால் எனக்குச் சூடு ஏறியிருக்காது. குழியின் உதட்டில் அவர் காய் ஒன்று விழாமல் நின்றபோது, "இன்னா நைனா, உள்ள போவ வழி கேக்குதா?" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் நிறுத்தவில்லை. "நாத்து புடுங்குற கை நைனா அது. இங்க கொஞ்சம் நெதானமா போடணும்!"

பவித்ரா இருமினாள். சளி பிடித்திருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். சிவப்புக் காயான ரெட்டைப் போட்டு, ஃபாலோவும் போட்டு, ஆட்டத்தை முடித்தேன்.

அதன்பிறகு என் விரல் என்னைக் கேட்கவில்லை. பவுடரில் தோய்ந்தது, போர்டைத் தாண்டிப் போனது, தணிகாசலத்தின் இரண்டு புருவங்களுக்கு நடுவே தொடங்கி முடி ஆரம்பிக்கும் இடம்வரை ஒரு கோடு இழுத்தது. நல்ல நேரான கோடு. ஷெட்டில்கூட அவ்வளவு சுத்தமாக நான் இழுத்ததில்லை.

அவர் நெற்றியைத் தொட்டு, வெள்ளையான விரலைப் பார்த்தார்.

"இன்னாது இது?"

வாய்ப்பூட்டு மறுபடியும் விழுந்துவிட்டது. "தோத்தவங்களுக்கு... எங்க கம்பெனில..." என்று இழுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். "டீ குடிச்சிட்டு தொடச்சிக்கலாம்" என்று வேறு சொன்னேன்.

அவர் எழுந்துவிட்டார். "லோகா, கெளம்பு. தினேசு, வண்டிய எடு. மனுசங்கள பாத்தாச்சி."

தினேஷ் நகரவில்லை. பவித்ரா அழவில்லை, என்னை மட்டும் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இருபத்து மூன்று வருஷம் வளர்த்த பெண்ணின் கல்யாணத்தை ஒரு விரலால் அழித்துவிட்டேன்.

அதுவரை கேசரியைத் தவிர எதற்கும் வாய் திறக்காத லோகநாயகி அம்மாள், புருஷன் உட்கார்ந்திருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தார். முந்தானையை இடுப்பில் செருகினார்.

"இருய்யா. தோத்துட்டா எழுந்து போவ? அண்ணே, காய அடுக்குங்க."

அடுக்கினேன்.

அடுத்து நடந்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், ஒருவரும் நம்புவதில்லை. அந்த அம்மாள் கட்டை விரலால் அடிப்பவர். முதல் அடியிலேயே காய்கள் மிரண்டு நாலு பக்கமும் சிதறின. பிறகு ஒவ்வொன்றாகக் குழிக்குப் போயின, மாடு கொட்டகைக்குத் திரும்புகிற மாதிரி, அவசரம் இல்லாமல். சுவரில் பட்டு வந்து விழுந்தன. ஒன்றைத் தட்டி இன்னொன்று விழுந்தது. தன் பக்கக் கோட்டுக்குப் பின்னால் கிடந்த காயைக்கூடக் குனிந்து பார்க்காமல் போட்டார். என் கைக்கு ஸ்ட்ரைக்கர் வரவே இல்லை. வரவும் வேண்டாம் என்று இருந்தது. கோயிலில் நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தேன். (உட்கார்ந்துதான் இருந்தேனாம். கஸ்தூரி சொல்கிறாள்.)

"எங்க கத்துக்கினீங்கம்மா?" என்றேன்.

"பழவேற்காட்டுல பொறந்தவ நான். காத்து சரியில்லன்னா படகு போவாது. அன்னிக்கெல்லாம் எங்கண்ணனுங்களோட இதான் வேல." டக். ஒரு காய் போயிற்று. தலையைத் தூக்காமலே புருஷனிடம் பேசினார். "ஏன்யா, நீ என்னிய பொண்ணு கேட்டு வந்தப்ப எங்கப்பா இன்னா பண்ணாரு?"

தணிகாசலம் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"மீனு கழுவுன தண்ணிய ஒன் மேல ஊத்துனாரு. வெள்ள வேட்டி பூரா செதிலு. அதோட வுட்டுட்டியா?"

"மறுநாளும் வந்தேன்" என்றார் அவர், மிக மெதுவாக.

"இவுரு பவுடருதானே வெச்சாரு." டக். ரெட் போயிற்று. டக். ஃபாலோவும் போயிற்று. பவுடர் டப்பாவைப் புருஷன் பக்கம் தள்ளினார். "இந்தா. நீயே வைய்யா."

அவர் திரும்பி வந்தார். நான் நெற்றியைக் காட்டினேன். ஒரு கோடு இழுத்தார். போதவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். இரண்டு கன்னத்திலும் இழுத்தார், மூக்கிலும் வைத்தார். கொஞ்சம் தள்ளி நின்று என்னைப் பார்த்தார். அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. முதலில் அழுகிறார் என்று நினைத்துப் பயந்துவிட்டேன்.

அப்புறம் நாலு பேர் ஆட்டம் ஆரம்பித்தது. நானும் தணிகாசலமும் ஒரு பக்கம், லோகநாயகி அம்மாளும் பவித்ராவும் ஒரு பக்கம். நாங்கள் தோற்றோம், மறுபடியும் தோற்றோம். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்களும் உள்ளே வந்தார்கள். இருட்டுவதற்குள் அந்த வீட்டில் வெள்ளை நெற்றி இல்லாத ஆளே இல்லை, லோகநாயகி அம்மாளைத் தவிர. தணிகாசலம் எப்போது சம்மதம் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. "ஆவணியில வெச்சிக்கலாம், ரெட்டைப் போடு சம்பந்தி" என்று ஆட்டத்துக்கு நடுவில் ஒரு குரல் மட்டும் கேட்டது.

போன மாதம் தினேஷ் கட்டிய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். ஐயர் என் கையில் விபூதித் தட்டைக் கொடுத்து எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார். சம்பந்தி முன்னால் போய் நின்றேன். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தோள் துண்டை எடுத்துத் தலைப்பாகையாகப் புருவம்வரை இறக்கிக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"வாணாம் சம்பந்தி. தட்டைக் கீழ வையி. நானே இட்டுக்கிறேன்."