ராக்கெட்டுக்குப் பங்காளி

சொத்துக்குப் பங்காளி உண்டு, தீட்டுக்குப் பங்காளி உண்டு. ராக்கெட்டுக்குப் பங்காளியைப் பார்த்திருக்கிறீர்களா? குடவாசல் பக்கம் போனால் பஞ்சநதத்தைப் பார்க்கலாம். மேலே போன ராக்கெட் எல்லாம் "நாம விட்டது". கடலில் விழுந்தது "அவனுங்க விட்டது". உரிமை எப்படி வந்தது என்கிறீர்களா? அவருடைய சகலையின் தங்கை மகன் ஏவுதளத்தில் வேன் ஓட்டுகிறான். போதாதா?

அன்று காலை ஜெக்கரியாவின் டீக்கடை டி.வி.யில், அயல்நாட்டுக் கம்பெனிகளின் செயற்கைக்கோள்களைச் சுமந்துகொண்டு ஒரு ராக்கெட் கிளம்பியது. பஞ்சநதம் கரைவேட்டியை இறுக்கிக்கொண்டு பத்திலிருந்து இறங்குமுகமாக எண்ணினார். அது எழும்பியதும் தானும் எழும்பி, நாலு பக்கமும் கும்பிட்டார். வெள்ளைக்காரனே வாடகை கொடுத்து நம் வண்டியில் ஏறுகிறான் என்றார். மேலிருந்து பார்த்தால் வயலில் நாற்று எத்தனை, வரப்பில் நண்டுவளை எத்தனை, அத்தனையும் படத்தில் விழும் என்றார்.

நடவாட்களுக்கு டீ வாங்கத் தூக்கோடு வந்திருந்த பொன்னுத்தாய் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். நில உச்சவரம்பில் அவருடைய அப்பாவுக்குக் கிடைத்த ஒரு மா நிலம், முப்பத்து மூன்று சென்ட், பஞ்சநதத்தின் வயலை ஒட்டியது. பஞ்சநதம் ஆண்டுதோறும் வரப்பு வெட்டுவார். வரப்பும் ஆண்டுதோறும் பொன்னுத்தாய் பக்கம் ஒரு சாண் நகரும். அளந்து தரச் சொல்லிப் பன்னிரண்டு வருடமாகப் போட்ட மனுக்களில் ஒன்றுகூட, தாலுகா ஆபீசில் இருந்த பஞ்சநதத்தின் கட்சிக்காரர் ஒருவரின் மேசையைத் தாண்டவில்லை.

"பழைய படமும் வச்சிருப்பாங்களாங்க?"

"பத்து வருசப் படமும் இருக்கும், பொன்னுத்தாயி. சும்மாவா விட்டோம்?"

"அப்ப நம்ம வரப்பு முன்ன எங்க இருந்துச்சுன்னு அதுல தெரியுமாங்க?"

கடையே பஞ்சநதத்தின் பக்கம் திரும்பியது. தெரியாது என்றால் ராக்கெட்டுக்கு இழுக்கு. தெரியும் என்றால் நிலத்துக்கு ஆபத்து. சாண் சாணாகச் சேர்த்ததை விடுவதா, வானத்தில் கிடைத்த மரியாதையை விடுவதா?

"தெரியும்," என்றார்.

அந்த ஒரு சொல்லைச் சேர்த்து ஜெக்கரியாவே மனு எழுதினார். சாட்சிக் கையெழுத்தும் போட்டார். பொன்னுத்தாய் அதை நேரே கலெக்டரின் குறைதீர் நாளில் கொடுத்தார். அடுத்த மாதம் சர்வேயர், செயற்கைக்கோளோடு பேசும் கருவியை வயலில் நட்டுவைத்து அளந்தார். ஒன்பது அடி பொன்னுத்தாய்க்குத் திரும்பியது.

பஞ்சநதத்துக்கு வயிறு எரிந்தது. ஆனால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டதே, சும்மா இருக்க முடியுமா? முன்னால் வந்து வானத்தைக் காட்டினார். "அளக்கிறது யாருன்னு நெனச்சீங்க? நாம விட்டதுதான்." அந்தக் கருவி எந்த நாட்டுச் செயற்கைக்கோளோடு பேசியதோ, யாருக்குத் தெரியும்?

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார் பொன்னுத்தாய். "கல்லு நடணும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அடுத்த முறை எவனோ கண்விழித்துச் செய்ததைப் பார்த்து உங்கள் வாயில் "நாம" என்று வந்தால், உடனே ஒரு மிடறு வெந்நீர் குடித்துவிடுங்கள். பஞ்சநதத்துக்கும் இது வெறும் தொண்டைக் கமறலாகத்தான் ஆரம்பித்ததாம்.