ஒட்டக் கூடாததை ஒட்டிய மாமா எழுதுவது

கெம்னிட்ஸ்,
நவம்பர் 9

கப்பலில் சமையல் பார்க்கும் மருமகன் யோர்னுக்கு, டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற மாமா கேர்னாட் எழுதுவது. நானும் உன் அத்தை ஹன்னலோரேயும் நலம். உன் பவளம் நலமில்லை. மரியாதைக்குத்தான் அப்படிச் சொல்கிறேன், செத்துப்போய்விட்டது.

போகும்போது என்ன சொன்னாய்? "உப்புத்தண்ணித் தொட்டிதான் மாமா, ஆறு மாசம் பாத்துக்குங்க, ஒரு வேலையும் இருக்காது." மணலில் தட்டு மாதிரிக் கிடக்கும் அந்த ஆரஞ்சுப் பவளம் நகரும் என்று சொன்னாயா? இடது மூலையில் வைத்தால் மறுநாள் நடுவில் கிடக்கிறது. எடுத்து வைத்தேன், மறுபடியும் நடுவில். முப்பத்தெட்டு வருடம் தண்டவாளத்தில் வண்டி ஓட்டியவன், நிறுத்தின இடத்தில் நிற்காததை எப்படிப் பொறுப்பேன்? தூசி தட்டும்போது நீ நகர்த்துகிறாயா என்று அத்தையைக் கேட்டுத் தொலைத்தேன். "தண்ணிக்குள்ள ஏதுய்யா தூசி? புத்தி கெட்டுப் போச்சா?" என்றாள். நாலு நாள் காப்பி மட்டும் வந்தது, கேக் வரவில்லை.

ஐந்தாம் நாள் அது பக்கத்துப் பவளத்தின் மேல் போய்ச் சாய்ந்துகொண்டது. மற்றதெல்லாம் பாறையில் ஒட்டியிருக்கிறது, உன் பெட்டியில் பசையும் இருக்கிறது, சரி, பையன் இதை மட்டும் ஒட்ட மறந்துவிட்டான் என்று நானே ஒட்டிவிட்டேன். மூன்றே வாரத்தில் சதை கிழிந்து வெறும் வெள்ளை ஓடு. உங்கள் மீன்வளர்ப்புச் சங்கச் செயலாளர் வந்து பார்த்துவிட்டு, "உப்பி உப்பி நடந்து பொழைக்கிறதைப் புடிச்சு ஒட்டிட்டீங்களேய்யா" என்றார். பதினோரு வருடம் நீ வளர்த்தது. வெட்கமாக இருக்கிறதடா.

தூக்கிப் போடலாமென்றால், எந்தக் குப்பைப் பெட்டியில்? உயிர்ப்பொருள், மக்கும் குப்பை போடும் பழுப்புப் பெட்டி என்கிறாள் அத்தை. கல், கட்டட இடிபாடு என்கிறேன் நான். தப்பாகப் போட்டால் கீழ்வீட்டுக்காரி அதை எடுத்து என் வாசலிலேயே வைப்பாள், மானம் போகும். குடியிருப்பு நிர்வாகத்துக்கு எழுதினேன். எட்டு வாரமாகப் பதில் இல்லை, ஓடு தொட்டியிலேயே கிடக்கிறது.

ஆகவே ஜனவரியில் வந்திறங்கியதும் முதல் வேலையாக உன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடு. இனி இந்த வீட்டில் உப்புத்தண்ணீர் உருளைக்கிழங்கு வேகவைக்க மட்டும்தான். கடல் உன்னிடம் நல்லபடியாக நடந்துகொள்ளட்டும்.

மாமா கேர்னாட்

பி.கு.: நிர்வாகத்தின் பதில் இப்போதுதான் வந்தது, பழுப்புப் பெட்டியாம். எடுக்கப் போனால் ஓட்டின் மேல் சட்டைப் பொத்தான் அளவில் ஆரஞ்சுக் குஞ்சுகள், ஏழு. "கைய வச்சேன்னா தெரியும் சேதி" என்று அத்தை தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். வளர்ந்தால் தாமாகவே கழன்று மணலில் இறங்கி நடக்குமாம். ஒன்றரை வருடம் ஆகலாம் என்கிறார் செயலாளர். நீ அடுத்த கப்பலும் ஏறிவிடு. தொட்டியைத் தர முடியாது.