பத்திரமாக இருந்த கல்யாணம்

குடும்பத்துக்கு ஒருவராவது இந்த இனத்தில் பிறந்துவிடுகிறார். 'பத்திரமாக வைத்திருப்பவர்' என்று பெயர். காணி உறுதி, மங்கிப்போன போட்டோ, பழைய வீடியோ கெசட் என்று எது கிடைத்தாலும் இவர் கைக்குப் போகும். போனது திரும்பி வராது. எங்கே என்று கேட்டால் "பத்திரமா இருக்கு" என்பார். காட்டுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய சிறுநீரகத்தைக் கேட்டது போல முகம் மாறும்.

பதுளை டவுனில் இந்த இனத்தின் தலைசிறந்த உறுப்பினர் புவனேந்திரன். நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்ணூற்று மூன்றில் நடந்த அவருடைய கல்யாணம்தான் அந்தத் தோட்டத்தில் வீடியோ எடுத்த முதல் கல்யாணம். அந்தக் கெசட்டைப் பொலித்தீனில் சுற்றி, அதைப் பட்டுத் துணியில் சுற்றி, பிஸ்கட் டின்னில் போட்டு, அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். வீட்டில் கெசட் போட்டுப் பார்க்கிற டெக் பழுதாகிப் பதினெட்டு வருடம். அதனால் என்ன? பார்ப்பதற்கா வைத்திருக்கிறார்?

பார்க்க ஒருத்தி ஆசைப்பட்டாள். புவனேந்திரனின் தங்கை பாக்கியலெட்சுமியின் மகள் ஜெயந்தினி. மடுல்சீமையில் டீச்சராக இருக்கிறாள். அவளுக்கு இரண்டு வயதாகும்போதே தாய் செத்துப்போனாள். மிஞ்சியது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். மாமாவின் கல்யாணக் கெசட்டில் அம்மா இருப்பதாக யாரோ சொல்ல, ஒன்பது தீபாவளியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா, பதுளையில டிஸ்க்குக்கு மாத்திக் குடுக்கிறாங்களாம். மாத்திருவோமா?"

"மாத்துவோம் புள்ள. இப்ப மழை. டேப்புல ஈரம் ஏறிரும்."

மழை விட்டது. "இந்த வெயில்ல கொண்டுபோனா உருகிரும் புள்ள." மழையும் வெயிலும் இல்லாத ஒரு மாதத்தை ஊவா மாகாணத்தில் அவர் ஒன்பது வருடமாகத் தேடினார்.

பிறகு அவருக்கே அறுபது வயது வந்தது. மணிவிழாவில் பெரிய திரையில் தன் கல்யாணத்தை ஓட்டினால் என்ன என்று தோன்றியது. மறுநாளே, கொட்டும் மழையில், பிஸ்கட் டின்னோடு, கெசட்டை டிஸ்க்குக்கு மாற்றிக் கொடுக்கும் ஷிராஸின் ஸ்டூடியோவில் நின்றார்.

ஷிராஸ் கெசட்டின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார். "பூஞ்சணம் புடிச்சிருக்கு ஐயா. எத்தன வருஷமா ஓட்டல்ல?"

"ஓட்டுறதா? பத்திரமால்ல வெச்சிருந்தேன்!"

"அதான் ஐயா பிரச்சின."

நாலு நாள் துடைத்துச் சுத்தம் செய்து, டேப் அறுவதற்கு முன் ஒரே ஒரு தடவை ஓட்டி, எழுபது நிமிடத்தைக் காப்பாற்றினார் ஷிராஸ். இனி அந்த டேப் ஓடாது. புவனேந்திரன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கத்தரிக்கத் தொடங்கினார். தலைப்பில் பொன்னெழுத்தில் தன் பெயர். கூடவே சமாதான நீதவான் பட்டம். அது அவருக்குக் கிடைத்தது கல்யாணமாகி இருபத்தாறு வருடம் கழித்து. இருக்கட்டுமே!

"பந்தியெல்லாம் எதுக்குங்க? சனம் சாப்புடுறத யாரு பாப்பா? வெட்டுங்க."

மணிவிழாவுக்கு ஜெயந்தினி இரண்டு பஸ் மாறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். புவனேந்திரன் தாலி கட்டினார், பூப்பூவாய் விரிந்த வட்டத்துக்குள் சிரித்தார், மெதுவாக நடந்தார், இன்னும் மெதுவாகத் திரும்பி நடந்தார். முப்பத்தைந்து நிமிடம். முடிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

"மாமா, அம்மா எங்க?"

புவனேந்திரன் யோசித்தார். "பந்தியில பரிமாறிக்கிட்டு இருந்திருப்பா புள்ள. அத வெட்டியாச்சே."

அவள் சாப்பிடாமலே போய்விட்டாள்.

மறுநாள் காலை, பட்டம் சின்ன எழுத்தில் விழுந்துவிட்டதென்று முறையிட ஸ்டூடியோவுக்குப் போனார் புவனேந்திரன். அங்கே கொம்பியூட்டர் முன்னால் ஜெயந்தினி.

ஷிராஸ் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஐயா வெட்டத்தான் சொன்னாரு தங்கச்சி. அழிக்கச் சொல்லல்ல."

திரையில் கொழுந்து நிறுக்கும் மடுவம். வரிசையாக வாழையிலை. பாயச வாளியும் ஏழு மாத வயிறுமாகப் பாக்கியலெட்சுமி வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, கமெராவைப் பார்த்துச் சிரித்தாள். "என்னையப் போயி எடுக்கிறீங்களே! அண்ணன் அங்க இருக்காரு, அவர எடுங்க!"

பதினொரு விநாடி.

"அம்மா குரல் இப்பிடியா இருந்திச்சு?" என்றாள் ஜெயந்தினி, யாரிடமும் கேட்காமல். திரும்ப ஓட்டச் சொன்னாள். திரும்பவும்.

இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே காட்சியைப் பார்த்தவர்தான் புவனேந்திரன். தங்கை கண்ணில் படவில்லை. அந்தக் காட்சியில் அவர் இல்லாததுதான் பட்டது. வெட்கத்தில் ஒரு நிமிடம் தலை குனிந்தார். முழுசாக ஒரு நிமிடம்.

அப்புறம் இனத்தின் குணம் தலைதூக்கியது. "பாத்தீங்களா ஷிராஸ்? நான் இத்தன வருஷம் பத்திரமா வெச்சிருந்ததாலதானே இது கெடச்சது!" என்றவர், மருமகள் கையிலிருந்த புது டிஸ்க்கை நோக்கிக் கை நீட்டினார். "குடு புள்ள, நான் வெச்சிருக்கேன்."

ஜெயந்தினி அதைப் பைக்குள் போட்டு சிப்பை இழுத்தாள். "வேணாம் மாமா. நான் பாக்கணும்."

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் போனில் பதினோராயிரம் வீடியோ இருப்பதாக நேற்றுத்தானே யாரிடமோ பெருமையடித்தீர்கள்? கடைசியாக ஒன்றைத் திறந்து பார்த்தது எப்போது? அதில் உங்களைத் தவிர வேறு யார் இருந்தார்கள்?