மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்றாம் நம்பர்

அரைகுறையாகப் படித்தவர்களிடம் கல்யாண வேலையை ஒப்படைக்கக் கூடாது. ஒன்றுமே தெரியாதவர் நாலு பேரைக் கேட்டாவது செய்வார். நான் கம்ப்யூட்டர் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தேன். யாரையும் கேட்கவில்லை.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் அக்காவுக்குக் கல்யாணம். மஸ்கட்டில் இருந்த அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பா போன பிறகு எங்களை வளர்த்ததே அவன்தான். தங்கை கழுத்தில் தாலி ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது.

"போன்ல வீடியோ கால் போட்டாப் போதும் பாப்பா" என்றான்.

"அதெல்லாம் பழசுண்ணே. நான் கேமரா வெச்சு லைவா காட்டறேன் பாரு." (வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை.)

மாப்பிள்ளை வீட்டார் வையம்பட்டிக்காரர்கள். சிங்கப்பூர் சொந்தங்களுக்குக் காட்ட அவர்களும் ஒரு பழைய கம்ப்யூட்டரும் கேமராவும் கொண்டுவந்திருந்தார்கள். மண்டபத்து நெட்டில் சேர ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும். சந்தனம் முதல் சாப்பாட்டு இலை வரை மாப்பிள்ளை வீட்டுக்குத்தானே முதலில்? அவர்களுக்கு ஒன்று, பணிவாக என் லேப்டாப்புக்கு இரண்டு என்று போட்டேன். "ஒன்னாம் நம்பர் உங்களுக்குத்தாங்க" என்று மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் போய்ச் சொல்லியும் வைத்தேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

மண்டபத்திலிருந்து வெளியுலகத்துக்கு வழிவிடும் ரவுட்டர் ஏற்கெனவே அந்த ஒன்றாம் எண்ணில்தான் உட்கார்ந்திருந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை.

முதல்நாள் என் லேப்டாப்பை மட்டும் வைத்துச் சோதித்தபோது எல்லாம் நன்றாக இருந்தது. முகூர்த்தத்தன்று அவர்கள் கம்ப்யூட்டரை ஆன் செய்தார்கள். படம் நின்றது. மண்டபத்து நெட்டே படுத்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் போன் சிக்னலில் பேச்சு மட்டும்தான் வந்தது.

"பாப்பா, ஒன்னும் தெரியலயே..."

ரவுட்டரை அணைத்துப் போட்டேன். "தெரியுது, தெரியுது!" என்று கத்தினான். உடனே, "போச்சு."

மணையில் இருந்த அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். "அண்ணன் பாக்குதா?" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

நடந்தது இதுதான். வெளியே எதையாவது அனுப்ப வேண்டுமென்றால் கம்ப்யூட்டர், "ஒன்றாம் எண் யாருப்பா?" என்று கூவும். யார் "நான்தான்" என்கிறாரோ அவரைக் குறித்துக்கொள்ளும். சில ஆப்பரேட்டிங் சிஸ்டங்கள், கேட்காமலே ஒருவர் வந்து "நான்தான்" என்றாலும் பழைய குறிப்பை அழித்துவிட்டு அவரை எழுதிக்கொள்ளும். நிஜமா, பொய்யா என்று விசாரிக்காது. மண்டபத்தில் எவரோ "பந்தி போட்டாச்சு" என்றதும் எழுந்து ஓடுகிறோமே, அதே வெள்ளை மனசு. மாப்பிள்ளை வீட்டுக் கம்ப்யூட்டர் கண் விழித்ததும் "ஒன்று நான்தான்" என்று அறிவித்தது. என் லேப்டாப் அதை நம்பி, அண்ணனுக்குப் போக வேண்டிய படத்தையெல்லாம் அதனிடம் கொட்டியது. நமக்கில்லை என்று அது தூக்கிப் போட்டது. ரவுட்டரை அணைத்துப் போட்டதும் ரவுட்டர் ஒருமுறை "நான்தான்" என்றது; உடனே இதுவும் மறுபடி கூவிவிட்டது.

லேப்டாப்பின் குறிப்பைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. ஓடிப்போய் அவர்கள் கம்ப்யூட்டரில் கை வைத்தேன். சித்தப்பா குறுக்கே வந்தார்.

"என்னம்மா, ஒன்னுன்னு சொல்லிட்டு இப்ப மாத்தறீங்க? நாங்க என்ன எளக்காரமா?"

"இல்லீங்க, அது ரவுட்டரோட..."

"அது யாரு, பொண்ணு வீட்டு ஆளா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா மணமேடையிலிருந்து இறங்கி வந்தார். நான் விக்கி விக்கிச் சொன்னதில் அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது.

"பொண்ணோட அண்ணன் பாக்காம என்ன கல்யாணம்? எங்களுக்கு மூணே போதும். சட்டுன்னு மாத்தும்மா."

மாற்றினேன். லேப்டாப்பில் இருந்த தப்புக் குறிப்பையும் அழித்தேன். "பாப்பா, தெரியுது" என்றான் அண்ணன். கெட்டிமேளம் முழங்கியது. அவன் குலுங்கிக் குலுங்கி அழுவது எங்களுக்கும் தெரிந்தது.

இன்றும் வையம்பட்டியில் விசேஷமென்றால் முதல் இலை மாப்பிள்ளைக்கு இல்லை. ஊருக்கு வந்திருந்தால் அண்ணனைத்தான் அதில் உட்கார வைக்கிறார் மாப்பிள்ளையின் அம்மா. அதற்கு ரவுட்டர் இலை என்று பெயர். அந்தப் பக்கம் நான் தலைகாட்டினாலே சித்தப்பா குரல் கொடுத்துவிடுவார்.

"இந்தப் புள்ளய மூணாவது இலைக்கு அனுப்புங்கப்பா, பரிமாறறது நின்னுடப் போவுது!"